தொடை எலும்பா, கால் தடமா: உயரத்தைக் கணக்கிட எதை நம்புவது?

"சுமார் 40 வயது மதிக்கத்தக்க ஆண் சடலம், மாநிறம், 5½ அடி உயரம், விவரம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்." காட்பாடி ஜங்ஷன் மாதிரி இடங்களின் சுவரிலும் நாளிதழின் உள்பக்க மூலையிலும் இந்த வரியை எத்தனையோ முறை கடந்து போயிருப்போம். அந்த 5½ அடி எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முழு உடல் கிடைத்திருந்தால் டேப் வைத்து அளந்திருப்பார்கள், சரி. பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளத்திலிருந்து ஒரு தொடை எலும்பும் நாலைந்து முதுகெலும்பும் மட்டும் ஒரு சாக்குப் பையில் கட்டி வந்தால்? அப்போது எந்த எலும்பை அளப்பது, எந்த ஃபார்முலாவில் போடுவது, வந்த எண்ணை எப்படி எழுதுவது என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதில் ஒன்று தப்பினாலும், தேடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தை "இது உங்க ஆள் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் வட ஆற்காட்டுக்காரன். சடலங்களையும் எலும்புகளையும் ஆய்வு செய்யும் இந்தத் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதிதாகப் போஸ்ட்மார்ட்டம் டூட்டிக்கு வந்திருக்கும் டாக்டர்கள், விசாரணையில் இருக்கும் எஸ்.ஐ.கள், வீட்டில் ஒருவரைக் காணாமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழு எலும்புக்கூடு இல்லாதபோது காலின் நீள எலும்புகள்தான் முதல் தேர்வு, கை எலும்பு இரண்டாவது, பாதமும் கால் தடமும் மூன்றாவது, மண்டை ஓடு கடைசி. எதை எடுத்தாலும் ஒற்றை எண் எழுதவே கூடாது.

தொடை எலும்பு ஏன் முதலில் என்றால், நம் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் அந்த ஒரே எலும்புதான். உயரத்தில் நேரடியாகப் பங்கு வகிக்கும் எலும்பு என்பதால், அது நீளமானால் ஆளும் நெட்டை. கை எலும்புக்கு அந்த உறவு சுற்றுவழியில்தான் வருகிறது.

ஆனால் அளக்கும் விதத்திலேயே பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தையற்கார டேப்பை எலும்பின் மேல் படிய வைத்து அளக்கக் கூடாது. தொடை எலும்பு முன்பக்கமாக வில் போல லேசாக வளைந்தது, டேப் அந்த வளைவோடு போய் நீளத்தைக் கூட்டிவிடும். இதற்கென்றே ஆஸ்டியோமெட்ரிக் போர்டு என்று ஒரு பலகை இருக்கிறது. ஒரு முனையில் அசையாத சுவர், இன்னொரு பக்கம் நகர்கிற கட்டை, நடுவே அளவுகோல். எலும்பின் அடிப்பகுதியைச் சுவரோடு ஒட்டி வைத்து, பந்து போன்ற தலை முட்டும்வரை கட்டையைத் தள்ளி, எலும்பை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் அளவு அதிகபட்சமாக வருகிறதோ அதுதான் அதிகபட்ச நீளம். பலகை இல்லாவிட்டால் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நேரான இரண்டு மரக்கட்டைகளையும் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்துச் செய்யலாம், தப்பில்லை, ஆனால் அப்படிச் செய்ததை ரிப்போர்ட்டில் எழுதிவிட வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். ஆணின் தொடை எலும்பு, பலகையில் 43.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருப்பது மில்ட்ரெட் ட்ராட்டரும் கோல்டின் கிளெஸ்ஸரும் 1952-இல் வெளியிட்ட ஃபார்முலா. அதில் வெள்ளை அமெரிக்க ஆண்களுக்கு, எலும்பின் நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41-ஐக் கூட்ட வேண்டும். வருவது 164.9 செ.மீ. அதே எலும்பைக் கறுப்பின அமெரிக்க ஆண்களுக்கான ஃபார்முலாவில் போட்டால் 162.1 வரும். கார்ல் பியர்சன் 1899-இல் பிரெஞ்சுக்காரர்களின் எலும்பளவுகளை வைத்துச் செய்த ஃபார்முலாவில் 163.1. நம் நாட்டுப் பாடப்புத்தகங்களில் இருக்கும் பெருக்கல் எண் முறையில் 3.6-ஆல் பெருக்கினால் 156.6, 3.8-ஆல் பெருக்கினால் 165.3. எலும்பு ஒன்றுதான். விடை 157-இலிருந்து 165 வரை, கிட்டத்தட்ட மூன்றரை அங்குலத்துக்கு ஆடுகிறது.

இந்தப் பெருக்கல் எண் முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஸ்டேஷன்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேகமாகக் கணக்குப் போட அதைத்தான் எடுக்கிறார்கள். எறும்பும் தன் கையால் எட்டுச் சாண் என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான்: உறுப்பின் அளவை ஒரே ஓர் எண்ணால் பெருக்கினால் உயரம். 1924-இல் பான் என்பவர் கிழக்கிந்தியப் பகுதி உடல்களை அளந்து இப்படிப்பட்ட எண்களை வெளியிட்டார், பிறகு வட மாநிலங்களிலும் பஞ்சாபிலும் மற்றவர்கள் செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு. குறை என்னவென்றால், எல்லா உயரத்துக்காரர்களுக்கும் எலும்பு ஒரே விகிதத்தில் இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. நடுத்தர உயரத்தில் ஓரளவு சரியாக வரும், நெட்டையானவரை இன்னும் நெட்டையாகக் காட்டும், குட்டையானவரை இன்னும் குட்டையாக்கும். பெருக்கி அப்புறம் ஒரு நிலையான எண்ணையும் கூட்டுகிற ரெக்ரஷன் ஃபார்முலா இந்தச் சாய்வைச் சரிசெய்கிறது. இரண்டில் ஒன்று என்றால் யோசிக்காமல் ரெக்ரஷன்.

அடுத்த கேள்வி, யாருடைய ரெக்ரஷன்? ட்ராட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நல்லது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் எலும்புகளை ஹவாயில் வைத்து அளந்தார்கள். அவர்கள் படையில் சேர்ந்தபோது அளந்த உயரம் ஆவணத்தில் இருந்தது, எலும்பையும் அந்த உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முறை அருமையானது. ஆனால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர் ஒருவருக்கும் நம் வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கடலைக்காட்டில் வேலை செய்தவருக்கும் காலுக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே நம் மக்களை, அதிலும் தென்னிந்தியர்களை அளந்து வெளியான ஃபார்முலா கைவசம் இருந்தால் அதுதான் முதலில். அது ஆணுக்கா பெண்ணுக்கா, உலர்ந்த எலும்புக்கா, தோலுக்கு மேல் அளந்ததற்கா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். பெண்ணின் எலும்பை ஆண் ஃபார்முலாவில் போட்டால் எல்லாம் வீண். அதனால் இடுப்பெலும்போ மண்டையோ இருந்தால் முதலில் பாலினத்தை முடிவு செய்துவிட்டுத்தான் உயரத்துக்கே வர வேண்டும். தெரியாவிட்டால் இரண்டையும் கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

இனி அந்த ப்ளஸ் மைனஸ். ட்ராட்டரின் தொடை எலும்பு ஃபார்முலாவுக்குப் பக்கத்தில் ±3.27 என்று இருக்கும். அதைப் பார்த்ததும் 164.9-க்கு மேலே மூன்றும் கீழே மூன்றும் போட்டு "162 முதல் 168" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 3.27 ஒரு ஸ்டாண்டர்ட் எரர். அந்த எல்லைக்குள் மூன்றில் இரண்டு பேர்தான் வருவார்கள், மூன்றாவது ஆள் வெளியே நிற்பார். நூற்றுக்கு 95 பேரை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் அதை இரட்டிப்பாக்க வேண்டும்: சுமார் 158.5 முதல் 171.5 வரை. அடிக்கணக்கில் ஐந்தடி இரண்டரை அங்குலத்திலிருந்து ஐந்தடி ஏழரை அங்குலம். "இவ்வளவு அகலமா சார், இதை வச்சு என்ன பண்றது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். கேட்கட்டும். உண்மையில் இருக்கிற நிச்சயம் அவ்வளவுதான். இதை வைத்து ஐந்தடிக்காரரையும் ஆறடிக்காரரையும் நம்பிக்கையோடு ஒதுக்கலாம், நடுவில் இருப்பவர்களுக்கு டி.என்.ஏ. பார்க்கலாம். உயரத்தால் ஆளை அடையாளம் சொல்ல முடியாது, பட்டியலைக் குறைக்கத்தான் முடியும்.

தொடை எலும்புக்கு அடுத்தது டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு. ஏறக்குறைய அதே துல்லியம். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் கூட்டுத்தொகைக்கென்று தனி ஃபார்முலா இருக்கிறது, பிழை 3 செ.மீ. அளவுக்கு இறங்கும், அதுதான் மிக நல்லது. ஆனால் டிபியாவை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் உருண்டையாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அது டிபியாவின் கீழ் நுனிதான். ட்ராட்டர் தன் கட்டுரையில் அந்த நுனியையும் சேர்த்து அளந்ததாக எழுதியிருந்தார், ஆனால் நிஜத்தில் அதை விட்டுவிட்டே அளந்திருக்கிறார் என்று 1990-களில் ரிச்சர்ட் ஜான்ட்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் பழைய எலும்புகளைத் திரும்ப அளந்து கண்டுபிடித்தார்கள். நாம் ஒழுங்காக நுனியோடு சேர்த்து அளந்து அந்த ஃபார்முலாவில் போட்டால் உயரம் சுமார் இரண்டரை செ.மீ. கூடுதலாக வரும். நாற்பது வருஷம் உலகமே அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தது. ஆகவே ட்ராட்டரின் 1952 ஃபார்முலா மட்டும்தான் இருக்கிறது என்றால் டிபியாவைத் தனியாகவும் கூட்டுத்தொகையிலும் நம்பாமல் தொடை எலும்புக்கே போங்கள்.

இன்னொன்று, முனை கடிபட்ட எலும்பு. திறந்தவெளியில் கிடந்த எலும்புகளின் மென்மையான முனைகளை நாயும் நரியும் கடித்துத் தின்றிருக்கும். "ஒரு ரெண்டு சென்டி போயிருக்கும், சேர்த்துக்கலாம்" என்று கண்ணால் மதிப்பிடுவது ஆபத்து. எலும்பில் 2 செ.மீ. தப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட 5 செ.மீ. தப்பும், பெருக்கல் அப்படி. அந்த நிலையில் முழுதாக இருக்கும் கை எலும்பு ஒன்று கிடைத்திருந்தால், சேதமான தொடை எலும்பை விட அதையே எடுப்பேன்.

கை எலும்புகளில் ஹியூமரஸ் (மேல்கை எலும்பு), ரேடியஸ், அல்னா (முன்கையின் இரண்டு எலும்புகள்) மூன்றுக்கும் பிழை 4 செ.மீ.க்கு மேலே போகும். அல்னாவுக்கு ஒரு வசதி உண்டு: முழங்கை முட்டியிலிருந்து மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க முண்டு வரை தோலுக்கு மேலேயே தெளிவாகத் தொட்டு அளக்கலாம். தனியாகக் கிடைத்த, சதையோடு இருக்கும் கைக்கு இது உதவும். நிற்க முடியாத நோயாளிகளின் உயரத்தை வார்டில் கணக்கிடவும் இதையே பயன்படுத்துகிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பை அளக்கும்போது மட்டும் கவனம் வேண்டும், படம் எலும்பைப் பெரிதாக்கித்தான் காட்டும்.

மண்டை ஓடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது உயரக் கணக்குக்கு மட்டும் பொருந்தாது. பெரிய தலை குட்டை ஆளுக்கும் இருக்கும். அதை வைத்து வயதும் பாலினமும் பாருங்கள், உயரம் வேண்டாம்.

பாதத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் பகுதியில் இதைப் பேசாமல் விட முடியாது. பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். குதிகாலின் பின்முனையிலிருந்து நீளமான விரல் நுனி வரை. சிலருக்குக் கட்டைவிரலை விட இரண்டாம் விரல் நீளம், அப்போது அதுதான் கணக்கு. தனியாக ஒரு பாதம் கிடைத்தால் இது ஓரளவு உதவும். தடம் என்றால் விஷயம் வேறு. ஈர மணலில் நின்றவரின் வெறுங்கால் தடம் பாதத்தை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் பதியும், குதிகாலும் விரல் நுனியும் உருண்டை என்பதால் ஓரங்கள் தரையைத் தொடுவதில்லை. உலர்ந்த மணலில் நடந்தவரின் தடமோ சறுக்கி நீண்டுவிடும். ஓடியவருக்குக் குதிகாலே பதியாமல் போகலாம்.

அதைவிடப் பெரிய தப்பு ஷூவில் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்: நம்பர் என்பது லாஸ்டின் நீளம், காலின் நீளம் கிடையாது. லாஸ்ட் என்றால் ஷூவை மேலே இழுத்துத் தைக்கும் அந்தக் கால் வடிவ அச்சு. ஐரோப்பிய நம்பர் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு செ.மீ. கணக்கு, ஆகவே 42-ஆம் நம்பர் லாஸ்ட் 28 செ.மீ. நாம் எட்டாம் நம்பர் என்று வாங்குவதும் ஏறக்குறைய அதே அளவுதான், 11 அங்குலம். விரல் முன்னால் இடிக்காமல் இருக்க இடம் விட்டிருப்பார்கள், ஆகவே அதைப் போடுகிறவரின் கால் 26½ செ.மீ. சுமார் இருக்கும். 26.5-ஐ 15 சதவீதமாக எடுத்தால் உயரம் 177 செ.மீ. காலுக்குப் பதில் 28-ஐப் போட்டால் 187. சேற்றில் பதிந்த அடித்தட்டு லாஸ்டை விடவும் நீளம். அதை ஸ்கேலில் அளந்து 30 என்று போட்டுவிட்டால் 200 செ.மீ.! ஆறரை அடி ஆளைத் தேடிக்கொண்டு போலீஸ் அலையும். ஷூ தடம் கிடைத்தால் அந்த ஷூ எந்த நம்பர் என்று கண்டுபிடித்து, அந்த வேலை தெரிந்தவரிடம் லாஸ்ட் நீளத்தையும் விரலிடத்தையும் கேட்டுவிட்டு, அப்புறம் கணக்குப் போடுங்கள். அப்போதும் தாராளமான எல்லையோடு. சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

முழு எலும்புக்கூடு கிடைத்துவிட்டால் இந்தப் போட்டியே தேவையில்லை. 1956-இல் ஜார்ஜ் ஃபுல்லி என்ற பிரெஞ்சு மருத்துவர், மௌத்தவுசன் நாஜி முகாமில் இறந்த தன் நாட்டவரின் எலும்புகளை வைத்து ஒரு முறை சொன்னார். மண்டையின் உயரம், முதுகெலும்புகள் ஒவ்வொன்றும், தொடை எலும்பு, டிபியா, குதிகால் என்று தலையிலிருந்து தரை வரை அடுக்கிக் கூட்டி, சதைக்கும் குருத்தெலும்புக்கும் ஓர் அளவு சேர்ப்பது. அவர் சேர்த்த அளவு குறைவு என்று 2006-இல் திருத்தினார்கள், சுமார் இரண்டரை செ.மீ. வித்தியாசம். இதில் இனம் தெரிய வேண்டாம், பாலினம்கூடத் தெரிய வேண்டாம், நீண்ட கால்களோ நீண்ட முதுகோ எதுவானாலும் அதுவே கணக்கில் வந்துவிடும். நேரம் எடுக்கும், ஆனால் எல்லாவற்றிலும் துல்லியம் இதுதான்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறுபக்கம், காணாமல் போனவரின் உயரம் நமக்கு எப்படித் தெரியும்? எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடை எலும்பை வைத்து நாங்கள் 158 முதல் 171 வரை என்று கொடுத்திருந்தோம். காணாமல் போனவர்கள் பட்டியலில் வயது, தேதி எல்லாம் பொருந்திய ஒருவர் இருந்தார். ஆனால் புகாரில் "5 அடி" என்று எழுதியிருந்தது. அதாவது 152. எல்லைக்கு வெளியே. ஓர் இடத்தில் அந்தப் பெயரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அவருடைய அம்மா விடாமல் நேரிலேயே வந்துவிட்டார். "எவ்வளவு உயரம்மா இருப்பார்?" என்று கேட்டேன். அடி, அங்குலமெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று கையை நெற்றிக்கு மேலே தூக்கிக் காட்டி, "எங்க வீட்டு நிலையில தலை இடிக்கும் சார், குனிஞ்சுதான் உள்ள வருவான்" என்றார். கூட வந்த கான்ஸ்டபிளை அந்த வீட்டுக்கு அனுப்பி நிலைவாசலை அளக்கச் சொன்னோம். பழைய ஓட்டு வீடு, கீழ்ப்படியிலிருந்து மேல்கட்டை வரை 163 செ.மீ. புகார் எழுதியவர் தோராயமாகப் போட்ட 5 அடிதான் தப்பு. அதன் பிறகு அந்த அம்மாவின் ரத்த மாதிரி எடுத்து அனுப்பினோம், பொருந்தியது. அதற்குள் ஏழு மாதம் போயிருந்தது.

அதிலிருந்து எலும்பு எத்தனை முறை அளக்கப்பட்டது என்று பார்க்கிற அதே கண்டிப்போடு, உயிரோடு இருந்தபோது சொன்ன உயரம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறேன். யாராவது அளந்து எழுதிய உயரம்தான் உயரம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவக்காரர்கள் இருக்கும் ஊர் என்றால் படையில் சேர்ந்தபோது அளந்தது ஆவணத்தில் இருக்கும், ட்ராட்டர் நம்பியது அதைத்தானே. போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய் 170 இல்லை என்று திரும்பி வந்த பையன் என்றால், அந்த நாள் அளந்தது வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எதுவும் இல்லையா, நிலைவாசல், அலமாரி, பைக் மேல் உட்கார்ந்த போட்டோ, அவருடைய பேண்ட்டின் உள்கால் நீளம், இப்படி ஏதாவது. "5.5" என்று எழுதியிருந்தால் அது ஐந்தடி ஐந்து அங்குலமா, ஐந்தரை அடியா என்று கேட்டே ஆக வேண்டும், அதிலேயே 2½ செ.மீ. போய்விடுகிறது. வயதானவர் என்றால் இளவயதில் அளந்ததிலிருந்து கொஞ்சம் குறைந்திருப்பார். ட்ராட்டர் கணக்குப்படி 30-க்கு மேல் வருஷத்துக்கு 0.06 செ.மீ., 60 வயதில் சுமார் 2 செ.மீ. முழு உடலாக மேஜையில் அளந்ததும் உயிரோடு நின்ற உயரம் ஆகாது, இறந்த பின் தசை தளர்ந்து உடல் இரண்டு செ.மீ. வரை நீளலாம்.

ஆகவே இன்குவெஸ்ட் பேப்பரோடு, அதாவது போலீஸின் மரண விசாரணை அறிக்கையோடு, எலும்பு வந்தால் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194) என் ரிப்போர்ட்டில் உயரத்துக்கு ஒரு பத்தியே எழுதுகிறேன். "ஆண். இடது தொடை எலும்பு, முழுமையானது, உலர்ந்தது, ஆஸ்டியோமெட்ரிக் போர்டில் அதிகபட்ச நீளம் 43.5 செ.மீ., மூன்று முறை அளக்கப்பட்டது. கணக்கிட்ட உயரம் 158 முதல் 172 செ.மீ. பயன்படுத்திய ஃபார்முலா இன்னது. இந்த எல்லைக்கு வெளியே இருப்பவரை, அவருடைய உயரம் அளந்து எழுதப்பட்டதாக இருந்தால் மட்டுமே ஒதுக்கலாம்." எலும்பின் அளவை அப்படியே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களை அளந்து நாளைக்கு இன்னும் நல்ல ஃபார்முலா வந்தால், எலும்பை மறுபடி தோண்டி எடுக்காமலே அந்த 43.5-ஐ அதில் போட்டுப் பார்க்க முடியும்.